பியர்க்காரர் கட்டிய பன்னிரண்டு வீடுகள்

ஒரு பெண் நல்லவள் என்று சாட்சி சொல்வதற்காக நான் லண்டன் போனேன்.

அந்தப் பெண் பரமேஸ்வரி, எனக்குப் பரமு. யாழ்ப்பாணத்துக்காரி. ஐம்பதுகளில் சென்னையில் பி.ஏ. படித்தபோது விடுதியில் என் அறைத்தோழி. படிப்பு முடிந்து அவள் ஊருக்குப் போய்க் கணக்கு ஆசிரியை ஆனாள். நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். பரமேஸ்வரி, தன் கணவர் இறந்த பிறகு, எண்பத்து மூன்று கலவரத்துக்கு அப்புறம் ஊரில் இருக்க முடியாமல், மகனோடு லண்டன் வந்தாள். மகன் வேலை கிடைத்துக் கனடா போனான். அவள் போகவில்லை. சட்டன் என்ற புறநகரில் தன் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கோமதி, இஞ்ச பக்கத்தில தரும வீடுகள் இருக்கு. வயசான விதவைப் பெண்களுக்கு. அந்தக் காலத்தில ஒரு பியர்க் கம்பனிக்காரர் கட்டினது. ஒண்டு காலியாம். நான் கேட்டிருக்கிறன். ஆனா என்னைக் கனகாலமாத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் நேரில வந்து என்ர நடத்தைக்குச் சாட்சி சொல்லவேணுமாம். இஞ்ச என்னைத் தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் நேற்றுப் பழகினவை."

ஹவுன்ஸ்லோவில் இருக்கும் என் அண்ணன் மகன் கார்த்தி பல வருடங்களாக "வாங்க அத்தை, வாங்க அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு கிலோ நெல்லை அல்வாவும், பரமுவுக்கு ஒரு கைத்தறிச் சேலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கார்த்திக்கு விமான நிலையத்தில் என்ஜினியர் வேலை. அவன் மனைவி உஷாவுக்கும் அங்கேயே ஒரு கடையில் ஷிப்ட். ஒருவர் வரும்போது மற்றவர் போவார். சமையல் குறிப்புகள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தன. முதல் நாள் காலை உஷா உப்புமா செய்தாள். அதில் பச்சைப் பட்டாணி இருந்தது, பீன்ஸ் இருந்தது, மக்காச்சோளம்கூட இருந்தது. ரவையைத்தான் தேடவேண்டியிருந்தது. தலைக்கு மேலே நிமிடத்துக்கு ஒரு விமானம் இரைந்துகொண்டு போக, வீட்டிலிருந்தவர்கள் அந்த இரைச்சல் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் ஒலிபெருக்கி பாடும்போது செய்வதும் அதுதான்.

மறுநாள் சட்டனுக்குத் தனியாக ரயிலில் போகிறேன் என்று வீரமாகச் சொன்னேன். கிளாப்ஹாம் ஜங்ஷனில் மாறவேண்டும். அதை ஒழுங்காகச் செய்தேன். ஆனால் இந்த ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் ரயிலை நடுவழியில் இரண்டாக வெட்டி, முன்பாதியை ஓர் ஊருக்கும் பின்பாதியை வேறோர் ஊருக்கும் அனுப்புவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். அது எனக்கு மூக்கடைத்தவர் சங்கீதம் பாடியது போலத்தான் கேட்டது. பின்பெட்டியில் உட்கார்ந்து, நம் ஊர் மாடுகளைவிட இரண்டு மடங்கு பெரிய மாடுகளை ஜன்னல் வழியே ரசித்துக்கொண்டே தவறான திசையில் வெகுதூரம் போய்விட்டேன்.

இறங்கி நின்று முழித்தபோது, பெட்ரோல் நிலையச் சட்டை போட்ட ஒருவர் என் சேலையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, எங்க போறியள்?"

"சட்டன்."

"ஐயோ அக்கா, பின்பெட்டியில ஏறிட்டியள். எல்லாருக்கும் ஒருக்கா நடக்கும். வாங்கோ, நான் காட்டிவிடுறன்." தன் ஷிப்ட்டுக்கு நேரமாகியும் என்னைச் சரியான நடைமேடையில் ஏற்றிவிட்டு, "முன்பெட்டி அக்கா, முன்பெட்டி" என்று கை காட்டிக்கொண்டே நின்றார். பெயர் கேட்க மறந்துபோனேன்.

சட்டன் நிலையத்தில் பரமு ஒரு குடையோடு நின்றாள். தலை முழுக்க வெள்ளை. ஆனால் நிற்கிற தோரணை மாறவில்லை, கரும்பலகைக்கு முன் நிற்கிற மாதிரி.

"பிந்திட்டீர்," என்றாள்.

கல்லூரி நாளிலிருந்து அவள் என்னை 'நீர்' என்பாள், நான் அவளை 'நீ' என்பேன். அதற்கு இரண்டு பேரும் ஒருபோதும் காரணம் கேட்டதில்லை.

அவளுடைய பின்னறையில் ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, புத்தகங்கள். மாணவி நல்ல பெண். ஆனால் வீட்டில் பிள்ளைகள் மூன்று. சுவருக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சி அலறியது. பரமு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். சாப்பிட்டு முடிப்பதற்குள், சமையலறையைத் தரமுடியுமா என்று கேட்டு மாணவி இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள். பரமு எழுந்து பாத்திரத்தை ஒதுக்கிய வேகம்தான் எனக்கு என்னவோ போலிருந்தது. விடுதியில் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காதவள் அவள்.

மூன்றாம் நாள் தரும வீடுகளைப் பார்க்கக் கூட்டிப்போனாள். சிவப்புச் செங்கல்லில் பன்னிரண்டு சின்ன வீடுகள், 'ப' வடிவத்தில் ஒரு புல்தரையைச் சுற்றி இருந்தன. நடுவில் ஓடாத ஒரு கைப்பம்பு. வாசல் வளைவின் மேலே கல்லில் ஒரு பீப்பாய், இரண்டு பக்கமும் பார்லிக் கதிர்கள். அதன் கீழே 'கடவுளின் மகிமைக்கும் ஏழைகளின் ஆறுதலுக்கும்' என்ற பொருளில் ஒரு வாசகம். கடவுளுக்கும் ஏழைக்கும் நடுவில் பீப்பாய் உட்கார்ந்திருந்தது எனக்குச் சிரிப்பாக வந்தது.

நான் சிரித்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பா கள்ளுக்கடை மறியலில் சிறை போனவர். வீட்டில் இருமல் மருந்துப் புட்டியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். அவர் மகள் ஒரு பியர்க்காரரின் தருமத்துக்குச் சிபாரிசு சொல்ல ஐயாயிரம் மைல் பறந்து வந்திருக்கிறேன்.

காலியாக இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் டோரிஸ் என்ற கிழவி இருந்தாள். எழுபத்தைந்து வயதிருக்கும். உதட்டில் சாயம், காலில் ஆண்களின் பூட்ஸ். பரமு என்ற பெயர் அவள் வாயில் 'பர்மா' ஆகியிருந்தது. எங்களை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாள். கோப்பையில் முதலில் பாலை ஊற்றி அதன்மேல் டிக்காஷனை ஊற்றினாள். கேட்டால், "பின்னே எப்படி?" என்றாள்.

இந்த வீடுகளைக் கட்டிய மார்ல்வுட் குடும்பத்தின் கதையை அவள்தான் சொன்னாள். தேம்ஸ் நதிக்கரையில் பீப்பாய் செய்கிற தச்சனாக ஆரம்பித்தது அந்தக் குடும்பம். பிறகு தாமே பியர் காய்ச்சினார்கள். பிறகு அதை விற்கிற மதுக்கடைகளையும் வாங்கினார்கள். கப்பல் துறையில் மூட்டை தூக்கியவன் சம்பளம் வாங்குவதும் அவர்கள் கடையில்தான், அதைக் குடித்துத் தீர்ப்பதும் அவர்கள் கடையில்தான். அந்தக் காசு கிராமம் கிராமமாக நிலமாக மாறியது. கென்ட் பக்கம் பியருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் கொடித் தோட்டங்கள், இந்தப் பக்கம் பெரிய மாளிகை, காடு, வேட்டைக்கு நரி. பேரன் ஜோசையா காலத்தில் தருமம் தொடங்கியது. பள்ளிக்கூடம், மாதா கோயில், தொழிலாளர் வாசகசாலை, தெருமுனைகளில் குடிதண்ணீர்க் குழாய்கள், கடைசியாக இந்த வீடுகள்.

"பியர்க்காரர் தண்ணீர்க் குழாய் வைத்தாரா?" என்று கேட்டேன்.

"மறுநாள் காலையில் தாகம் எடுக்கும் அல்லவா," என்றாள் டோரிஸ். "எங்கள் ஆண்களைக் குடிக்கவைத்துக் கொன்றார். அவர்கள் விட்டுப்போன விதவைகளுக்கு வீடு கட்டிக்கொடுத்தார். கணக்கு நேர்."

அவளுடைய தாத்தா அந்தக் கம்பெனியின் பீப்பாய் வண்டியை ஓட்டியவர். அவர் குதிரைகளின் பெயர்கள்கூட அவளுக்குத் தெரிந்திருந்தன.

வெள்ளிக்கிழமை பரமு ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். லண்டனின் தென்கோடியிலிருந்து வடக்கே ஒரு மேட்டுக்குப் பயணம். ஹைகேட் ஹில்லில் மூச்சு வாங்க ஏறினோம். சுசீந்திரம் கோபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு வெளியே இருந்து கட்டிடம் கோயிலாகத் தெரியவில்லை. உள்ளே போனதும் சந்தனமும் கற்பூரமும் அடையாளம் சொல்லிவிட்டன. கோட்டுக்கு மேலே சால்வை, சால்வைக்கு மேலே விபூதி என்று கூட்டம்.

பிரசாதம் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"பரமேஸ்வரி ரீச்சர் அனாதை மடத்துக்குப் போறாவாம்."

"மகன் கனடாவில வீடு வாங்கியிருக்கிறானெல்லோ?"

"என்ன வீடு வாங்கி என்ன. பெத்த தாயை வெள்ளைக்காரன்ர மடத்தில விட்டுட்டான்."

பரமு எனக்குப் பின்னால் நின்றாள். கேட்டிருப்பாள். சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு, அந்த இருவரிடமும் நலம் விசாரித்துவிட்டு, "சனிக்கிழமை பிள்ளையளைக் கணக்கு வகுப்புக்கு அனுப்புங்கோ, போன கிழமையும் வரேல்லை," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இறக்கத்தில் நடக்கும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை மகன் சுதாகரன் கனடாவிலிருந்து கூப்பிட்டான். பரமு குளித்துக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்தேன். சின்னப் பையனாக அவனைப் படத்தில் பார்த்ததோடு சரி. இப்போது கட்டைக்குரல்.

"ஆன்ரி, நீங்கள்தான் சாட்சி சொல்லப்போறியளாம். தயவுசெய்து சொல்லாதேங்கோ. நீங்கள் சொல்லாட்டி அவையள் குடுக்கமாட்டினம். அம்மா பேந்து வேற வழியில்லாம இஞ்ச வருவா. அவவுக்கெண்டு கீழ் வீட்டில அறை கட்டி வச்சிருக்கிறன். சனம் என்னைப் பற்றி என்ன கதைக்குதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும், அன்றைக்குத்தான் கேட்டேன் என்று சொல்லவில்லை. "யோசிக்கேன் தம்பி," என்றேன். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. கெட்ட மகன் இல்லை. அதுதான் சங்கடம்.

ஹவுன்ஸ்லோவுக்குத் திரும்பியதும் உஷாவிடம் சொன்னேன். "மகன் கூப்பிடறார் இல்ல அத்தை? அப்புறம் ஏன் அவங்க தர்ம வீட்டுக்குப் போகணும்?" என்றாள். கார்த்தி, "அது அவங்க இஷ்டம்," என்றான். ஒரு விமானம் போனது. விட்ட இடத்திலிருந்து இருவரும் தொடர்ந்தார்கள். எனக்குத்தான் எங்கே விட்டோம் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டோரிஸ் எங்களை மார்ல்வுட் மாளிகையைப் பார்க்க அழைத்துப்போனாள். "யார் வீட்டில் இருக்கப்போகிறோம் என்று தெரிந்துகொள்ளவேண்டும், பர்மா," என்றாள். பஸ் ஏறிப் போனோம். பரமு ஒரு டப்பா நிறையத் தட்டைவடை கொண்டுவந்திருந்தாள்.

எங்கள் பக்கத்து ஜமீன் அரண்மனைகளில் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். வௌவால் நாற்றமும் உடைந்த ஊஞ்சலுமாக இருக்கும். இங்கே மாளிகை பளபளவென்றிருந்தது. காரணம், இப்போது அது ஒரு பையன்கள் பள்ளிக்கூடம். புல்வெளியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களை எண்ண ஆரம்பித்துக் கழுத்து வலித்து விட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் அன்னாசிப்பழம் விளைவிப்பதற்கென்றே ஒரு கண்ணாடி வீடு கட்டி, அதற்கு அடியில் இரவும் பகலும் நெருப்பு எரித்தார்களாம். எங்கள் ஊரில் வேலியோரம் காய்த்துக் கிடக்கும் பழத்துக்கு இந்த மரியாதை.

மாளிகைக்கு முன்னால் அழகான ஏரி. அன்னங்கள் நீந்தின.

"இந்த ஏரிக்கு அடியில்தான் என் கொள்ளுப்பாட்டி பிறந்த வீடு," என்றாள் டோரிஸ்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அங்கே ஒரு சின்னக் குக்கிராமம் இருந்ததாம். ஜோசையாவின் மனைவி காலையில் ஜன்னலைத் திறந்தால் குடிசைகளும் கொடியில் காயும் துணிகளும் தெரிந்தன. அதனால் குடிகளை வெளியேற்றி, ஓடையை மறித்துத் தண்ணீர் விட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் சிலர் ஆற்றங்கரைக்குப் போய் மார்ல்வுட் கம்பெனியிலேயே பீப்பாய் உருட்டினார்கள். சில வருடம் கழித்து ஜோசையாவுக்கு மனது உறுத்தியதோ, பாதிரியார் உறுத்தினாரோ, அந்தக் குடும்பங்களின் விதவைகளை நினைத்துத்தான் பன்னிரண்டு வீடுகள் எழும்பின.

"உங்களுக்குக் கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன்.

"கொள்ளுப்பாட்டிக்கு வந்தது. பாட்டிக்கும் வந்தது. எனக்குத் தண்ணீர்க்குழாய் உறையாமல் இருந்தால் போதும்." டோரிஸ் ஒரு தட்டைவடையைக் கடித்தாள். கண்ணில் நீர் வந்தது. "இது நல்ல காரம்," என்று இன்னொன்றை எடுத்தாள்.

திரும்பும்போது பஸ் நின்றுவிட்டது. ஒரு வயலோரத்தில் இருமி இருமி ஓய்ந்தது. நம் ஊராக இருந்தால் இந்நேரம் பாதிப்பேர் டிரைவரின் தலைமாட்டில் நின்று யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் வேலியோரம் வரிசையாக நின்றார்கள், வராத பஸ்ஸுக்கே வரிசை. முன்னால் ஒரு தம்பதி. "போன வருடமும் இங்கேதான் நின்றது," என்றார் கணவர். "இல்லை, அடுத்த வளைவில்," என்றாள் மனைவி. அடுத்த பஸ் வரும்வரை அதையே விவாதித்தார்கள்.

டோரிஸ் அவர்களுக்கு வடை கொடுக்கப் போன நேரத்தில் நான் பரமுவிடம் மனதிலிருந்ததைக் கொட்டினேன்.

"ஏட்டி, எங்க பக்கத்துல சாராயக்கடை ஏலம் எடுத்தவன் இன்னைக்கு என்ஜினியரிங் காலேஜ் நடத்துதான். திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டப்ப நான் போகமாட்டேன்னு சொன்னவ. இவரு குடிக்க வச்சு, ஊரைத் தண்ணில முக்கி, அதுல வந்த காசுல கட்டுன வீட்டுக்கு நான் சாட்சி சொல்லணுமா?"

பரமு அவசரப்படாமல் யோசித்தாள். கணக்கைப் போடும் முன் அப்படித்தான் யோசிப்பாள்.

"கங்கையிலயும் சாக்கடை கலக்குதுதான். குளிக்கிற சனம் குளிக்குதுதானே," என்றாள். பிறகு, "சுதா உம்மோட கதைச்சவனோ?" என்று கேட்டாள்.

"கதைச்சான்."

"என்ன சொன்னவன் எண்டு நான் கேக்கேல்லை. நாளைக்கு நீர் உமக்குப் பட்டதைச் சொல்லும். எனக்காகச் சொல்லவேண்டாம்."

அதோடு பேச்சை முடித்துவிட்டாள். அடுத்த பஸ்ஸும் வந்தது. வீடு வந்து சேரும்வரை எனக்கு என்ன பட்டது என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை மதியம் தரும வீடுகளின் சின்னக் கூடத்தில் விசாரணை. சுவரில் ஜோசையா மார்ல்வுட்டின் படம், குதிரை முடிபோல் தாடி. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு கிழட்டு மேஜர், குடும்பத்தின் கடைசி வாரிசுகளில் ஒருவர், காதில் கருவி. மாளிகை போய், கம்பெனி போய், நிலத்தில் பாதி நெடுஞ்சாலைக்கும் மீதி கோல்ஃப் மைதானத்துக்கும் போய், அவர் கையில் மிஞ்சியிருப்பது இந்தப் பன்னிரண்டு வீடுகளின் பொறுப்பு மட்டும். ஒரு பக்கம் இளம் பாதிரியார். மறுபக்கம் முத்துமாலை அணிந்த ஓர் அம்மையார்.

முதல் கேள்வியே என்னைத் தடுமாறவைத்தது. "திருமதி பரமேஸ்வரி நிதானப் பழக்கம் உள்ளவரா?" என்று மேஜர் கேட்டார். குடிப்பாரா என்று அர்த்தமாம். ஜோசையாவின் நிபந்தனையாம் அது. ஊரையெல்லாம் குடிக்கவைத்தவருக்குத் தம் வீட்டில் குடிக்காதவர்கள்தான் வேண்டியிருந்தது.

"அவள் காப்பிகூடக் குடிக்கமாட்டாள்," என்றேன்.

அம்மையார் பரமுவிடம் திரும்பினார். "உங்கள் மகனுக்குக் கனடாவில் சொந்த வீடு இருக்கிறது. உங்களுக்கென்று அறைகூட இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு அல்லவா இந்த வீடுகள்?"

நியாயமான கேள்வி. நான் தரையைப் பார்த்தேன்.

பரமு ஆங்கிலத்தில், வகுப்பில் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "என் மகன் நல்லவன். அவன் வீட்டில் எனக்கு எல்லாம் கிடைக்கும். ஊரை விட்டு வந்த நாளிலிருந்தே எனக்கு எல்லாரும் எல்லாம் தந்துதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் விளக்கை எப்போது அணைப்பது என்று வேறொருவர் முடிவு செய்தார். நான் வெந்தயம் வறுத்தால் யாராவது ஜன்னலைத் திறந்தார்கள். கோபத்தில் அல்ல, அன்பாகத்தான். எனக்கு அறுபது வயது. பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இன்னும் கொஞ்ச காலம் நான் யாருக்கும் விருந்தாளியாக இல்லாமல் இருக்க ஆசைப்படுகிறேன். இது போதுமான காரணம் இல்லையென்றால் நான் வருத்தப்படமாட்டேன்."

அம்மையார் பேனாவை மூடித் திறந்தார். மேஜர் காதுக் கருவியைத் திருகினார். எனக்கு அந்தக் கணத்தில், சுதாகரனுக்கு என்ன பதில் சொல்லப்போகிறேன் என்பது தெரிந்துவிட்டது.

"இங்கே வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன," என்று பாதிரியார் என்னிடம் சொன்னார். "உங்கள் தோழி சண்டைக்காரர் இல்லையே?"

சாட்சி சொல்ல வந்தவள் பொய் சொல்லக்கூடாது. "சண்டைக்காரிதான்," என்றேன்.

பரமு மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னேன். எங்கள் விடுதியில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சாம்பாரில் புழு மிதந்தது. பணிப்பெண்களுக்கும் அதுதான் சாப்பாடு. எல்லோரும் முணுமுணுத்தோம், யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் பரமு அந்தச் சாம்பார் வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்து கல்லூரி முதல்வரின் வீட்டுக்குப் போனாள். அங்கே விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாளியை அவர்கள் மேசையின் நடுவில் வைத்தாள். 'நீங்களும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள் அம்மா' என்றாள். அவளை விடுதியிலிருந்து ஒரு மாதம் நீக்கினார்கள். சமையல் கான்டிராக்டரையும் மாற்றினார்கள். திரும்பி வந்த அன்று பணிப்பெண்கள் அவளுக்கு ஆரத்தி எடுத்தார்கள்.

மேஜர் கருவியை மறுபடி திருகி, "வாளியையா?" என்றார்.

"வாளியைத்தான்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கதவுக்கு வெளியேயிருந்து டோரிஸின் குரல் கேட்டது. "பாய்லர் கெட்டு இரண்டு குளிர்காலம் ஆயிற்று என்று நாங்களும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், மேஜர்." ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

எங்களை வெளியே அனுப்பினார்கள். புல்தரையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். "ஒரு மாசமில்லை, ரெண்டு கிழமை," என்று மட்டும் பரமு திருத்தினாள்.

பாதிரியார்தான் வந்து சொன்னார். வீடு பரமுவுக்கு. முதலில் சம்மதித்தவர் முத்துமாலை அம்மையாராம். அவருக்கும் வெளியூரில் ஒரு மகன் இருந்தானாம்.

உள்ளே போனால் மேசையில் கண்ணாடிக் கோப்பைகள். ஒருவரை வீட்டுக்குத் தேர்ந்தெடுத்ததும் நிறுவனரின் நினைவாக எல்லோரும் ஒரு வாய் பியர் குடிப்பது வழக்கமாம். மேஜர் பரமுவிடம் ஒரு கோப்பையை நீட்டினார்.

"குடிக்காதவளா என்று கேட்டுத்தான் வீடு தந்தீர்கள்," என்றாள் பரமு. "இப்போது குடிக்கச் சொல்கிறீர்கள். எதில் தோற்கவேண்டும்?"

டோரிஸ் அந்தச் சிக்கலைத் தீர்த்தாள். பரமுவின் கோப்பையையும் வாங்கித் தன் கோப்பைக்குப் பின்னாலேயே வயிற்றுக்கு அனுப்பிவிட்டாள். என் கையில் ஒன்று இருந்தது. முகர்ந்தேன். பழைய நீராகாரத்தின் புளிப்பு. அப்பாவை நினைத்துக்கொண்டு நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தேன். நிலவேம்புக் கஷாயம் தோற்றது. இதை ஒழிப்பதற்கு மறியல் எதற்கு, ஊர் முழுக்க ஒரு வாய் இலவசமாகக் கொடுத்திருந்தால் போதுமே என்று தோன்றியது.

மாலை பரமு மகனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் வெகுநேரம் அவன் பேசினான். இவள் "ஓம்... ஓம்..." என்றாள்.

"சனம் கதைக்கும்தான். சனத்துக்கு நான் கணக்குப் படிப்பிக்கிறன், அதுகளின்ர புத்தி எனக்குத் தெரியும்," என்றாள். பிறகு குரல் தணிந்தது. "சுதா, கேள். ரெண்டு அறை இருக்கு. வாற கோடைக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா. அப்பம்மா வீட்டுக்குப் போறம் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வா." பிறகு அவன் ஏதோ கேட்டான். "ஓம், படுக்க இடமிருக்கு. நீ நிலத்திலதான் படுக்கவேணும்," என்று சொல்லிச் சிரித்தாள். ரிசீவரை என்னிடம் தந்தாள். "சரி ஆன்ரி," என்றான் சுதாகரன். "அம்மாவுக்கு ஒரு நல்ல ஹீட்டர் வாங்கிக் குடுங்கோ. அந்தப் பழைய வீடுகள் குளிரும்." நான் அவனிடம் ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் பரமு குடிபோனாள். கார்த்தி காரில் சாமான்களை ஏற்றிவந்தான். டிரங்குப் பெட்டி, புத்தகங்கள், முருகன் படம், சோறு வைக்கிற மின்சாரப் பானை. ஒரே நடையில் முடிந்துவிட்டது. அவன் ஷிப்ட்டுக்கு ஓடினான். சின்ன வீடு. முன்னறை, படுக்கையறை, ஓர் ஆள் நின்று திரும்புகிற சமையலறை. பின்பக்கம் வெயில் விழுகிற ஒரு துண்டு மண். அதில் என்ன போடலாம் என்று பேசினோம். வெண்டைக்காய் வராது என்றாள் டோரிஸ், வெண்டைக்காயைப் பார்க்காமலேயே.

பரமு சாம்பிராணி போட்டாள், பால் காய்ச்சினாள். எனக்குக் கொடுக்கக் கோப்பையை எடுத்தவள், சட்டென்று அதைக் கீழே வைத்தாள்.

"கோமதி, நீர் ஒருக்கா வெளியில போம்."

"எதுக்குட்டி?"

"போமன்."

போனேன். எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். புல்தரையில் வெயில் அடித்தது. அடுத்த வீட்டு ஜன்னலில் டோரிஸ் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. தட்டினேன்.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத காலடிகள். கதவு திறந்தது. பரமு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள்.

"ஆரிது, கோமதியோ? வாரும், வாரும். உள்ளுக்கு வாரும்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.